பூனைக்கு வளைகாப்பு நடத்தியவர்

எங்கள் பிளாக்கில் யாராவது இறந்துபோனால் என் அம்மா முதலில் தேடுவது எங்கள் வீட்டு நாற்காலியைத்தான். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா நன்றாகவே அழுவாள். ஆனால் நாற்காலியைத் துடைத்துக் கீழே அனுப்பிவிட்டு வந்துதான் அழ ஆரம்பிப்பாள்.

திருவொற்றியூரில், கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் ஹவுசிங் போர்டு. தரையோடு சேர்த்து நான்கு தளம், முப்பத்திரண்டு வீடு, ஒரே ஒரு படிக்கட்டு. கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் கீழே வாசலில் சாமியானா கட்டுவார்கள். சாமியானா வாடகைக்கு வரும். நாற்காலி மட்டும் வீட்டுக்கு வீடு இறங்கி வரும். முன்பு ஒரு காதுகுத்தில் வாடகை நாற்காலி இரண்டு உடைந்து, பந்தல்காரருக்கும் எங்கள் ஆட்களுக்கும் கைகலப்பாகி, "உங்க பிளாக்குக்கு இனிமே சேரு கெடையாது, தரையில குந்துங்க" என்று அவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இதுதான் வழக்கம். இருக்கிறவர்கள் இருக்கிறதைக் கொண்டுவந்து போட வேண்டும். காரியம் முடிந்ததும் அவரவர் நாற்காலி அவரவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

திரும்புவதில்தான் சிக்கல். ஏனென்றால் திருப்பிக் கொடுக்கும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எனக்கு மட்டும் அத்தை இல்லை. பிளாக்கில் பாதிப் பேருக்கு அத்தை, மீதிப் பேருக்கு அக்கா. பெயர் ஒன்று இருந்தது, அதை எழுதப் போவதில்லை. எந்தப் பொருளின் மேலும் பெயர் எழுதி வைப்பது அவருக்குப் பிடிக்காது. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், ஜாக்கெட்டில் எப்போதும் இரண்டு ஊக்கு. எண்ணூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பரிமாறும் வேலை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். நாற்காலிகளை மூன்று மூன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவர் படியேறும்போது கீழே இருந்து பார்த்தால் நாற்காலி மட்டும் ஏறிப் போவதுபோல் இருக்கும்.

அவர் திருப்பிக் கொடுக்கும் முறை இப்படி. எட்டு கொடுத்த வீட்டுக்கு ஐந்து வரும். ஒன்று கொடுத்த வீட்டுக்கு மூன்று வரும். ஒன்றுமே கொடுக்காத வீட்டு வாசலில் இரண்டு வந்து நிற்கும். யாராவது கேட்டால், "அய்ய, மாறிப்போச்சா? எனக்குக் கண்ணு செரியாத் தெரியல நைனா" என்பார். அதே கண்ணால்தான் சாயங்காலம் விளக்கு போடாமலே ஊசியில் நூல் கோப்பார். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஐம்பது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேறு ஆள் கிடையாது. அதனால் சண்டை படிக்கட்டுவரை போய் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு நாற்காலி. மெரூன் கலர். அதன் ஒரு கால் விரிசல் விட்டு, அப்பா அதில் வலைக்கயிறு சுற்றியிருந்தார். இந்த ஒற்றை நாற்காலியால் என் அக்காவுக்கு வந்த முதல் வரன் போயிற்று. ராயபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் பெரியப்பாவும் வந்தார்கள். இருவருக்கும் முட்டி வலி, பாயில் உட்கார முடியாது. இருப்பதோ ஒரு நாற்காலி. "நீங்க குந்துங்கண்ணே" என்றார் தம்பி. "நீ சம்பந்தி, நீ குந்து" என்றார் அண்ணன். கடைசிவரை யாரும் உட்காரவில்லை. நின்றபடியே காபி குடித்து, நின்றபடியே பெண்ணைப் பார்த்து, நின்றபடியே போய்விட்டார்கள். "வந்தவங்கள குந்தவைக்கக் கூட ஒரு சேரு இல்லாத வூடு" என்று பிறகு தகவல் வந்தது. அம்மா அன்று அழுத அழுகை, நான் பார்த்த எந்தச் சாவிலும் அவள் அழாதது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆசை என்று ஒன்று இருந்தால் அது நாற்காலிதான்.

அடுத்த மாதமே முதல் மாடியில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். பால் தெளித்த மறுநாள் அத்தை எங்கள் வாசலில் மூன்று நாற்காலியை இறக்கினார். "அக்கா, எங்களுது ஒண்ணுதான்" என்றாள் அம்மா. குரலில் அவ்வளவு வலு இல்லை.

"ஒண்ணா? மூணு குடுத்த மாரி கீதே. நல்லா யோசிச்சுப் பாரு" என்றார் அத்தை.

அம்மா நல்ல பெண்மணி. நன்றாக யோசித்துப் பார்த்து, மூன்று கொடுத்ததாக ஒப்புக்கொண்டாள்.

அந்த மூன்றும் நிலைத்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. நிலைக்கவில்லை. எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில் முதல் வீடு வின்ச்காரர் வீடு. துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச்சுக்கு டிரைவராக இருந்தார், நல்ல சம்பளம், சுவரை அடைக்கும் டிவி, தெருப்பக்கம் பார்த்த ஏசி. கெட்ட மனிதர் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கதவைத் திறந்தே வைத்திருப்பார். "வந்து குந்துங்கப்பா, டிவி இன்னா தேஞ்சா பூடும்?" என்பார். கிரிக்கெட் என்றால் பிளாக் முழுக்க அங்கேதான். அத்தனை பேருக்கு அங்கேயும் நாற்காலி போதாது. அதனால் அவரவர் நாற்காலியை அவரவர் தூக்கிக்கொண்டு இறங்குவோம். ஆட்டம் முடிந்ததும், நாளைக்கும் வரத்தானே போகிறோம், மூன்று மாடி யார் தூக்குவது என்று அங்கேயே விட்டுவிட்டு ஏறுவோம். நாளைக்கு வருவோம். நாளை மறுநாளும் வருவோம். ஒரு மாதம் கழித்து அது யார் நாற்காலி என்று எங்களுக்கே தெரியாது.

ஒருவரும் திருடவில்லை. ஒருவரும் ஏமாற்றவில்லை. வின்ச்காரர் ஏசியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார், நாற்காலிகள் தாமாக அவரிடம் போய்ச் சேர்ந்தன. எப்போது எண்ணினாலும் அந்த வீட்டில் பதினான்குக்குக் குறையாது. அத்தை ஒவ்வொரு சாவிலும் அதைக் கலைத்து மேலே ஏற்றுவார். ஆறு மாதத்தில் அது மறுபடி கீழே இறங்கிவிடும்.

அத்தைக்கு இது நாற்காலியோடு நின்ற பழக்கம் இல்லை. கேன்டீனில் சாம்பார் வாளியைத் தூக்கினால் ஆபீஸர்கள் மேசையில் கரண்டியை மேலாகவே ஓட்டுவார். கான்ட்ராக்ட் ஆட்கள் வரிசைக்கு வந்ததும் கை வாளியின் அடிவரை போகும், முருங்கைக்காயும் கத்தரிக்காயும் மேலே வரும். ஒரு நாள் மேனேஜர் தன் தட்டைக் காட்டி, "இன்னாம்மா, எனக்கு மட்டும் எப்பவும் தண்ணி" என்று கேட்டிருக்கிறார். "ஒங்களுக்கு பிரஷ்ஷர் கீதுன்னு சொன்னாங்க சார், காய்ல உப்பு ஏறியிருக்கும்" என்று இவர் சொன்னதாகக் கேள்வி. அத்தையைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். மூன்றே மாதத்தில் கான்ட்ராக்ட் ஆட்கள் சாப்பிட மாட்டோம் என்று தட்டைக் கவிழ்த்து வைக்க, மறுபடி வாளியைக் கையில் கொடுத்தார்கள்.

பிள்ளைகளையும் விட மாட்டார். ஐந்து பிள்ளை இருக்கிற வீட்டிலிருந்து இரண்டைப் பிடித்து, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளாத வீட்டில் சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். "கொஞ்ச நேரம் பாத்துக்க, எனக்கு வேல கீது" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடியில் போய்ச் சும்மா நிற்பார். அந்த வீட்டில் அன்று ராத்திரி கண்டிப்பாகப் பேச்சு நடக்கும், பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது என்பதைப் பற்றியாவது.

இதில் எனக்கு எரிச்சலும் உண்டு. நான் அப்போது ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தேன். முதல் மாதச் சம்பளத்தில் பூப்போட்ட குடை ஒன்று வாங்கினேன். இரண்டாம் நாள் காணோம். அடுத்த மழையில் அந்தப் பூ, எதிர் வீட்டுப் பெண்ணின் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அத்தையிடம் கத்தினேன். "ஒனக்குத்தான் யார்டுல ரெயின் கோட்டு குடுக்குறாங்களே" என்றார். ரெயின் கோட்டு எனக்குக் கணுக்கால்வரை தொங்கும் என்று சொன்னேன். "நல்லதாப் போச்சி, காலும் நனையாது" என்றார். அந்தக் குடை எனக்கு வரவே இல்லை. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கோபம் வருகிறது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வின்ச்காரர் ஒரு காரியம் செய்தார். கப்பலுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்ட் ஒரு டப்பா எங்கிருந்தோ வாங்கி வந்து, தன் வீட்டில் இருந்த பதினான்கு நாற்காலிக்கும் சாய்மானத்தின் மேல் விளிம்பில் ஒரு சாண் பட்டை அடித்தார். அந்தப் பெயின்ட் உப்புக்காற்றுக்கு அசையாது. காய்வதற்கு மட்டும் ஒரு வாரம் பிடிக்கும். அந்தப் பதினான்கில் எங்களுடைய இரண்டும் இருந்தன. எங்களுடையது என்றால், எங்களுடையது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது. அடுத்த சாவில் அத்தையின் வேலை நின்றுபோனது. ஒரு சாண் சிவப்புப் பட்டையைக் கண் தெரியவில்லை என்று சொல்ல முடியாதே. பதினான்கையும் ஒழுங்காகக் கீழ்வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கு இரண்டாவது வரன் வந்தது. காலடிப்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் வருகிறார்கள் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். எங்களிடம் பழையபடி அந்த மெரூன் நாற்காலி ஒன்றுதான்.

வின்ச்காரர் வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் தரகர் வின்ச்காரரின் மச்சான். சிவப்புப் பட்டையைப் பார்த்ததுமே யார் வீட்டு நாற்காலி என்று அவருக்குத் தெரிந்துவிடும். "எரவல் சேருல குந்தவச்சி பொண்ணு குடுக்குறாங்கன்னு பேசுவாங்க. இந்த வாட்டியும் தட்டிப்போனா என் பொண்ணு நெலம இன்னா ஆவறது?" என்று அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அத்தை விரலை மடக்கி எண்ணினார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் பிளாக்கில் ஒரு நல்லது கெட்டது நடக்க வேண்டும். பெண்கள் யாரும் வயதுக்கு வருகிற மாதிரி இல்லை. காது குத்தாத பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட முதல் மாடித் தாத்தா கூட எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அநியாயத்துக்கு ஆரோக்கியமாக இருந்தார்கள்.

மறுநாள் காலையில் அத்தை வீடு வீடாக வந்தார். "வெள்ளிக்கெயம நம்ம பூனைக்கு வளகாப்பு. சேரு எடுத்துகினு வந்துடுங்க."

படிக்கட்டுக்கு அடியில் ஒரு பழுப்புப் பூனை இருந்தது. நிறை வயிறு. முப்பத்திரண்டு வீட்டு மீன் தலையும் அதன் வயிற்றுக்குள்தான் போகும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு புளி சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று மெனு சொன்னதும் சிரிப்பு நின்றது. அவரவர் ஒரு சாதம் செய்து தருவதாகச் சொன்னார்கள். வின்ச்காரருக்கு அத்தை தனி மரியாதை. "நைனா, நீதான் முன்னால குந்தணும். ஒன் சேரு இல்லாம சபைக்கு அயகு ஏது?" என்றார். அவர் உச்சி குளிர்ந்து, பதினான்கையும் தானே இறக்கி முதல் வரிசையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூனையைப் பலகையில் உட்கார வைத்தோம். அது உட்காரவில்லை. மஞ்சள் பூசப் போன பெண்ணைப் பிறாண்டியது. கண்ணாடி வளையல் காலில் நிற்காது என்பதால் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டினோம். பூனை ஒரு துள்ளில் சாமியானா கம்பத்தில் ஏறி, கம்பத்தின் உச்சியிலிருந்தபடி எல்லோருக்கும் ஆசி வழங்கியது. அப்புறம் சாப்பாடு. பின்பக்கம் தரையில் பந்தி. எந்தப் பந்தியிலும் வாளியை விட்டுக்கொடுக்காத அத்தை, அன்று மட்டும் "கை வலிக்குது, நீங்களே போடுங்க" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தேங்காய் சாதம் நன்றாக இருந்ததால் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். வின்ச்காரர் நல்ல வெள்ளைச் சட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் முதுகில் ஒரு சாணுக்குச் சிவப்புப் பட்டை. அவர் மனைவி புடவையிலும் அதே பட்டை. திரும்பிப் பார்த்தால் பிளாக் முழுக்க முதுகில் பட்டையோடு நின்றுகொண்டிருந்தோம். நாங்கள் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வின்ச்காரர் மிச்சம் வைத்திருந்த பெயின்டை எடுத்து, வாசலில் கிடந்த ஐம்பத்துச் சொச்சம் நாற்காலிக்கும் அத்தை ஒரே மாதிரிப் பட்டை அடித்துவிட்டார். கூட்டத்தில் கலந்தால் தெரியக் கூடாது என்று, பழைய பட்டைகளின் மேலும் ஒரு கோட்டிங்.

"யக்கா! இன்னா பண்ணி வச்சிக்கீற!" என்று வின்ச்காரர் போட்ட சத்தத்தில் பூனை கம்பத்திலிருந்து குதித்து ஓடியது.

"ஒன் அடையாளம் எங்க எல்லாருக்கும் புடிச்சிப் போச்சி நைனா" என்றார் அத்தை. கையில் முழங்கைவரை சிவப்பு. "செரி, இப்ப ஒன் சேரு எதுன்னு சொல்லு, எடுத்தாந்து வைக்கிறேன்."

அவர் நாற்காலிகளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், தன் சட்டையைக் கழற்றிப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு மெரூனோடு சேர்த்து ஆறு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலடிப்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். பெரியவர்கள் ஆறு பேரும் நாற்காலியில், மாப்பிள்ளையின் தங்கை பாயில். தரகர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து, வாசலுக்குப் போய் எதிர்வீட்டு நாற்காலியையும் பார்த்து, ஒன்றும் புரியாமல் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். காபி, பஜ்ஜி எல்லாம் முறையாக நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்று நாங்கள் நம்பிய பெயின்ட் காயவில்லை. அவருடைய சந்தனக் கலர் சட்டையின் முதுகில் பளிச்சென்று ஒரு பட்டை. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா சமையலறையில் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

வாசலில் நின்றிருந்த அத்தை சொன்னார்: "முத்திர வியுந்துடுச்சி சம்பந்தி. எங்க வூட்டு முத்திர. இனிமே நீங்க வேற வூட்டுக்குப் பொண்ணு பாக்கப் போவ முடியாது."

மாப்பிள்ளையின் அப்பா தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இந்தச் சட்டையோட நான் வேற எங்க போறது? இதுவே முடிவா இருக்கட்டும்" என்றார். அக்கா கல்யாணம் அப்படி நிச்சயமானது. அக்கா வீட்டில் அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து வின்ச்காரர் படிக்கட்டில் அத்தையை மறித்தார். ஒரு உலகக்கோப்பை வந்து போயிருந்தது. "யக்கா, உள்ள வந்து எண்ணிப் பாரு. பதினாறு கீது. நான் ஒண்ணும் பண்ணல. கதவத் தொறந்து வச்சிகினு குந்தினு கீறேன், அவ்ளதான். நீ எத்தினி வாட்டி கலைச்சாலும் இங்கதான் வரும். அப்பறம் இன்னாத்துக்கு இந்த வேல ஒனக்கு?"

"நீ தெனம் குளிக்கிறியே நைனா, நாளைக்கு அயுக்கு ஆவாதா?"

"ஆவும்."

"அதுக்குன்னு கலீஜாவே குந்தினு இருப்பியா?"

வின்ச்காரர் ஒதுங்கி வழி விட்டார்.

இனி என் பங்குக்கு வருகிறேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாலைந்து வருடத்தில் எங்கள் வீடு நிமிர்ந்தது. எனக்கு யார்டில் சூப்பர்வைசர் வேலை, தம்பிக்கு ட்ரெய்லர் ஓட்டும் வேலை. எட்டு நாற்காலி சேர்ந்தது. அதில் இரண்டு நானே வாங்கியது: நீல நிறம், கை வைத்தது, முதுகுக்கு வளைவு கொடுத்தது. அந்த வருடம்தான் அந்தப் பெருமழை. தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். வின்ச்காரர் வீட்டு டிவியும் ஏசியும் போயின. அவருடைய நாற்காலிகள் வாசல் வழியாக வரிசையாக மிதந்து தெருவில் போனதை நாங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தோம். சிவப்புப் பட்டை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. சிரித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு முன்பே அவரும் போய்ச் சேர்ந்தார்.

மேளச் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நீல நாற்காலி இரண்டையும் லாஃப்டில் ஏற்றி, மேலே பாயைப் போட்டு மூடினேன். மீதி ஆறைத் துடைத்து வாசலில் வைத்தேன். அம்மா பார்த்தாள்.

அத்தை வந்தார். ஆறையும் பார்த்தார். வாசலில் நின்றபடியே லாஃப்டை அண்ணாந்து பார்த்தார்.

"மேல ரெண்டு பேரு படுத்துகினு கீறாங்க போல. எய்ப்பிக் கீய அனுப்பு. சாவு வூட்டுக்கு வர வேணாமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இறக்கிக் கொடுத்தேன். காரியம் முடிந்து அந்த இரண்டு நீல நாற்காலியும் எங்கே போயின என்று நான் சொல்லவே வேண்டாம். வின்ச்காரரின் மனைவி வீட்டுக்குப் போயின. நான் இரண்டாம் மாடிக்கு இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். "அவுங்க எத்தினி வருசம் ஏசியில குந்தினு இருந்தாங்க? பட்டை அடிச்சி வச்சவங்க அவுங்கதானே? அவுங்களுக்குப் போயி எஞ் சேரக் குடுக்கறீங்களே!"

அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "துக்கம் கேக்க வந்தவங்க அந்த வூட்ல நின்னுகினு இருந்தாங்கடி. அத்தப் பாத்தேன், குடுத்தேன். முன்ன ஒங்க வூட்ல நின்னுகினு இருந்தாங்க."

நான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அது எனக்குத்தான் நஷ்டம் என்று இப்போது தெரிகிறது. இரண்டு வருடம் கழித்து, கேன்டீனுக்குக் கிளம்பிய அத்தை படிக்கட்டில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அன்று ஒரு வீடு பாக்கியில்லாமல் நாற்காலி இறங்கியது. லாஃப்டில் இருந்ததெல்லாம் இறங்கியது. சிலருடையதில் பழைய பட்டை, சிலருடையது புதிது. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் சாமியானாவின் கீழ் நின்றோம். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. யாராவது ஆரம்பிப்பார்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு அவரவர் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு படியேறினோம். நான், அதற்குள் மறுபடி எட்டாகியிருந்த எங்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்தேன், ஐந்து எடுத்துக்கொண்டு போனேன். எல்லோருமே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். கடைசியில் வாசலில் பதினோரு நாற்காலி கேட்பாரில்லாமல் நின்றது. மூன்றாம் மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு அழுதேன். எங்கள் பிளாக் திருந்திவிட்டது என்று நம்பினேன்.

நம்பிக்கை மழைக்காலம்வரை தாங்கியது. வின்ச்காரரின் மனைவி பிள்ளையிடம் போய்விட, அந்த வீட்டுக்கு இப்போது புதுக் குடும்பம் வந்திருக்கிறது. மீன் ஏற்றுமதி செய்கிறவர், நல்ல மனிதர், கதவைத் திறந்தே வைக்கிறார். அவர் டிவி பழையதைவிடப் பெரியது. நனைகிறதே என்று அந்தப் பதினொன்றையும் அவர்தான் உள்ளே எடுத்து வைத்தார். அப்புறம் கிரிக்கெட் சீசன் வந்தது. போன வாரம் போய்ப் பார்த்தேன், இருபத்திரண்டு இருந்தது. ஒருவரும் திருடவில்லை.

நேற்று எங்கள் மாடியின் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். வியாசர்பாடியிலிருந்து குடிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. தங்கையைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். "அக்கா, ஒரு ரெண்டு சேரு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். என்னிடம் இருக்கிற ஐந்தையும் கொடுக்கலாம். வருகிறவர்கள் ஒன்பது பேர். அதோடு, கொடுத்தால் அது இரவல்.

பிளாக்கில் யாருக்கும் ஜலதோஷம்கூட இல்லை. நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். பிறகு என் ஐந்து நாற்காலியையும் அடுக்கி, தலையில் வைத்துக்கொண்டு, மூன்று மாடி இறங்கினேன். கழுத்து ஒடிந்துவிடும் போலிருந்தது. அத்தை இதை எப்படித்தான் செய்தாரோ. வாசலில் இறக்கிவிட்டு, முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்துதான் இருந்தது, இருந்தாலும் தட்டினேன்.

"வெள்ளிக்கிழமை நம்ம பூனைக்கு வளைகாப்பு சார். புளி சாதம், தேங்காய் சாதம் எல்லாம் உண்டு. நீங்கதான் முன்னால குந்தணும். சேரெல்லாம் வேணும்."

அவர் டிவியை நிறுத்திவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் படுத்திருந்த வெள்ளைப் பூனையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது கடுவன் பூனையாச்சேம்மா."

"ஆமா சார்" என்றேன். "எத்தினி சேரு எடுத்துக்கட்டும்?"